சேலையோடு விற்ற மாடு

மகனே, இதைப் போனில் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். நீ ஆபீசில் இருப்பாய், பக்கத்தில் ஆட்கள் இருப்பார்கள், "சொல்லுங்கப்பா, சொல்லுங்கப்பா" என்று அவசரப்படுத்துவாய். நானும் மழை பெய்ததையும் பெய்யாததையும் பேசிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த வாரம் உன் கல்யாணத்தின் முதல் பத்திரிகையை அம்மா படத்துக்கு முன்னால் வைக்க ஊருக்கு வருகிறாய். அதற்குள் இந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். முழுவதையும் வாசி. வாசித்த பிறகு வருவதா வேண்டாமா என்று நீயே முடிவு செய். நீ வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன மாதம் நீ கத்தியது இன்னும் என் காதில் நிற்கிறது. "அப்பா, சிவகிரி வரைக்கும் பேச்சு போயிருக்கு. செத்துப்போன மாமியாரு தொழுவுல உக்காந்து பால் கறக்காவளாம்லன்னு பொண்ணு வீட்ல கேக்காங்க. அந்த மாட்டை வித்துத் தொலைங்க. அது அங்க நிக்கிற வரைக்கும் நான் அவளை அந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வரமாட்டேன்" என்றாய். மாட்டை விற்றுவிட்டேன் என்று பிறகு சொன்னபோது, "நல்ல காரியம் பண்ணீங்க" என்று சந்தோஷமாக வைத்துவிட்டாய். விற்றது நிஜம். ஆனால் உன்னிடம் சொல்லாதது நிறைய இருக்கிறது.

உன் அம்மா பால் கறப்பதை நீ பார்த்திருக்கிறாய். செம்பை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு, செவலையின் வயிற்றில் நெற்றியை முட்டிக்கொண்டு, பேசிக்கொண்டேதான் கறப்பாள். இடது காது கேட்காமல் போன பிறகு அவள் பேச்சு இன்னும் சத்தமாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் பேச்சி மதினி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தே, "ஏட்டி, ஒங்க வீட்டு ரகசியம் பூராவும் எங்க தொழுவு வழியாத்தான் போவுது, கொஞ்சம் மெதுவாப் பேசு" என்பாள். சத்தமாகப் பேசுவதெல்லாம் ஊருக்கு. அதற்கு நடுவே, குரலைத் தாழ்த்தி மாட்டின் வயிற்றுக்குள்ளேயே முணுமுணுப்பாளே, அது செவலைக்கு மட்டும். அது என்ன என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பருத்திக்கொட்டையை ஊறவைத்தாளா, பால் சொசைட்டிக்குக் கேன் போயாயிற்றா, அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அவள் காரியம் முடிந்த மறுநாளே செவலை என்னிடம் பாலை அடக்கத் தொடங்கியது. கன்றை அவிழ்த்துவிட்டால் கன்றுக்கு விடும். கன்றை இழுத்துக் கட்டிவிட்டு நான் உட்கார்ந்தால் காலை உதறும். மடி கல்லாகக் கிடந்தது. விளக்கெண்ணெய் தடவினேன், கெஞ்சினேன், ஒருநாள் அடித்தும் பார்த்தேன். பேச்சி மதினி எட்டிப் பார்த்துவிட்டு, "கொழுந்தனாரே, ஒங்க மொகரையப் பாத்தா யாருக்கும் பால் கட்டிக்கிடும். மடி நோவு வந்து மாடு போயிராம. அவ தொழுவுச் சேலை கொடியில கெடக்குல்லா? அதைச் சுத்திக்கிட்டு உக்காருங்க. வாசனைக்கு விடும்" என்றாள். ஊதாப் பூப்போட்ட அந்த வாயில் சேலை உனக்கு ஞாபகம் இருக்கும். கறப்பதற்கென்றே வைத்திருந்தாள். அதைத் துவைக்கவே விடமாட்டாள்.

இது ஒன்றும் புதிதில்லை. பெண்டாட்டி ஊருக்குப் போன நாட்களில் எத்தனையோ ஆண்கள் அவள் சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டை ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் போட்டேன். செவலை முகர்ந்து பார்த்தது, பெருமூச்சு விட்டது, பாலை விட்டது. சேலையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அன்றைக்கு அழுதேன். சொசைட்டியில் வரிசையில் நின்றபோது பேச்சியின் வீட்டுக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி சும்மா இருப்பாரா? "ஏவே, வழி விடுங்க, மதினி வந்தாச்சு" என்று ஆரம்பித்து வைத்தார். "எல்லாம் சரிதான், மீசைய மட்டும் முந்தானையால மூடிக்கிடும்வே. மாடு பயந்துக்கிடப் போவுது" என்றார். ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் போன பிறகு நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

தோளில் போட்டது கொஞ்ச நாள்தான் செல்லுபடியானது. பிறகு இடுப்பில் சுற்ற வேண்டியிருந்தது. பிறகு முழுதாகக் கட்டச் சொன்னது. செவலை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயோ குறைகிறது என்று அதற்குத் தெரியும். அவளுடைய கண்ணாடி வளையல் நாலைக் கையில் திணித்துக்கொண்டேன். வளையல் சத்தம் கேட்டதும் அசைபோடத் தொடங்கியது. இரண்டு நாள் கழித்து அதுவும் போதவில்லை. "வா தாயி, விடு தாயி" என்று அவள் சொல்வதைச் சொல்லிப் பார்த்தேன். முதலில் என் குரலில்தான் சொன்னேன். மாடு கேட்கவில்லை. கொஞ்சம் மெலிதாக, கொஞ்சம் இழுத்து, அவள் சொல்கிறபடி சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு பால் விட்டது. ஒரு மாட்டை ஏமாற்றப் பழகிக்கொண்டோம் என்று அப்போது எனக்குப் பெருமைகூட.

இப்போது நமக்கு மேற்கே புதிதாகக் காற்றாலை ஒன்று நிற்கிறது. நீ அதைப் பார்த்ததில்லை. சாயங்காலக் கறவை நேரத்தில் வெயில் சாயும்போது அதன் இறக்கை நிழல் தொழுவைத் தாண்டிப் போகும். ஒன்று போனதும் அடுத்தது வரும். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம், இருட்டு என்று மாட்டின் முதுகிலும் என் கையிலும் நிழல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் உட்கார்ந்தால் நான் எங்கே இருக்கிறேன் என்பது கொஞ்சம் மறந்துபோகும். அப்படி ஒரு நாள் கறந்துகொண்டே பேசினேன். "கொஞ்சம் நேரா நில்லு தாயி. அவுகளுக்கு முட்டி வலிக்கி. எண்ணெய் போடுங்கன்னா கேக்க மாட்டேங்காவ." சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. முட்டி வலிப்பது எனக்கு. அவுக என்று நான் யாரைச் சொன்னேன்?

யாரிடமும் சொல்லவில்லை. தனிமையில் இருக்கிறவன் உளறுவதுதானே என்று விட்டுவிட்டேன். ஆனால் அது தினமும் வந்தது. நான் காப்பியில் சீனியை அள்ளிக் கொட்டுவதை அது செவலையிடம் சொன்னது. உனக்குப் பெண் பார்த்தபோது நான் பெண்ணின் அப்பாவிடம் நெல் விலை பேசிக்கொண்டிருந்ததைச் சொல்லிச் சிரித்தது. அது நடந்தது அவள் போன பிறகு. நான் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் உனக்குப் புரியுமா தெரியவில்லை. என் வாய்தான், என் தொண்டைதான். ஆனாலும் அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியாது.

பேச்சி மதினி ஒருநாள் பாலுக்குச் சொம்போடு வந்தவள், தொழுவுக்கு வெளியே நின்று கேட்டிருக்கிறாள். கேலி செய்யத்தான் வந்திருப்பாள். என்ன தோன்றியதோ, பழைய பழக்கத்தில் வாய் தவறி, "ஏட்டி, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்டுவிட்டாள். "சுண்டவத்தல்தான்க்கா. அவுகளுக்குப் பிடிக்காது, எனக்கு வாய் கசக்கு, அதான் வச்சேன்" என்று பதில் போனது. காற்றாலை நிழல் எங்கள் மேல் போய்க்கொண்டிருந்தது. மதினி சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். உள்ளே போய் அடுப்படியில் பார்த்தேன். சட்டியில் சுண்டவத்தல் குழம்பு இருந்தது. காலையில் நான் வைத்தது பருப்பு என்றுதான் எனக்கு நினைப்பு.

அன்றையிலிருந்து அந்த வீட்டில் நம் பால் வாங்குவதில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி கேலி பேசுவதையும் விட்டுவிட்டார். சொசைட்டியில் எனக்குப் பின்னால் நின்றால் இடைவெளி விட்டு நிற்பார். ஒருநாள் தயங்கித் தயங்கி, "ஏவே, நேத்து ஒங்க வைக்கோல் போர்ல நாய் ஏறி நிக்குன்னு எங்க சொவத்துல இருந்து தொண்ட கிழியக் கத்துதேன். நீரு திரும்பவே இல்லயே. காது கேக்கலையா?" என்றார். கறக்க உட்காரும்போது அவர் வீட்டுச் சுவர் எனக்கு இடது பக்கம். எனக்கு இரண்டு காதும் நன்றாகத்தான் கேட்கும். சோதித்துப் பார்த்தேன். கறவை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் கேட்கிறது. இந்தப் பேச்சுத்தான் பஸ் ஏறி சிவகிரிக்குப் போயிருக்க வேண்டும்.

இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நீ கோயம்புத்தூருக்கு முதன்முதலாக வேலைக்குக் கிளம்பிய அன்றைக்கு நான் உன்னை வழியனுப்ப வரவில்லை. செவலை தலை ஈற்றுக்கு வலி கண்டு படுத்துக் கிடந்தது. அம்மாதான் மினிபஸ்ஸில் உன்னோடு சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள். திரும்பி வந்ததும், "ஏத்தி விட்டுட்டேன், நல்லாப் போனான்" என்றாள். கன்று விழுந்திருந்த சந்தோஷத்தில் நானும் அதோடு விட்டுவிட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த நாளைப் பற்றி நீயும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

நீ போனில் கத்தினாயே, அதற்கு மறுநாள் சாயங்காலம் கறந்துகொண்டிருந்தேன். குரல் தாழ்ந்தது. செவலையின் வயிற்றில் நெற்றி தானாகப் போய் முட்டிக்கொண்டது. "எம்புள்ளைய பஸ் ஸ்டாண்டுல வச்சு அடிச்சிட்டேனே தாயி. நான் போகல, இங்கனயே மாடு மேச்சுக்கிட்டுக் கெடக்கேன்னு தூணப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அத்தன பேரு பாக்க ஓங்கி ஒரு அறை விட்டு ஏத்தி விட்டேன். இந்தக் கைதான். ராசா, ராசான்னு பஸ்ஸு பின்னாலயே கொஞ்ச தூரம் ஓடுனேன், அவன் திரும்பிப் பாக்கல. அவுகட்ட சொல்லிராத தாயி. அவுக தாங்க மாட்டாவ" என்றது. செம்பு நிறைந்து பால் என் காலில் வழிந்துகொண்டிருந்தது. என்னிடம் சொல்லாதே என்று என் வாயே சொல்லிக் கேட்டவன் ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பயந்துவிட்டேன், மகனே. நீ சொன்னதற்காக மட்டும் மாட்டை விற்கவில்லை. மாட்டிடம்தான் ஏதோ இருக்கிறது, அவள் இத்தனை வருஷமும் சொன்னதையெல்லாம் அடக்கி வைத்துக்கொண்டு இப்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று நினைத்தேன். குருவிகுளம் பக்கத்திலிருந்து புருஷனும் பெண்டாட்டியுமாக வந்தார்கள். பால் பார்த்துத்தானே யாரும் கறவை மாடு வாங்குவார்கள்? கறந்து காட்டச் சொன்னார்கள். வேறு வழியில்லாமல் சேலையைக் கட்டி, வளையலை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் வராமல் கறந்து முடித்தேன். அவள் புருஷன் கெட்டிக்காரன். "அண்ணாச்சி, அந்தச் சேலையும் சேத்துத்தான் வெலை. சேலை இல்லாம மாடு எங்களுக்கு எதுக்கு?" என்றான்.

மாடு விற்கும்போது கழுத்துக் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது உனக்குத் தெரியும். கயிற்றோடு போனால் தொழுவின் ராசியும் போய்விடும். அவர்கள் புதுக் கயிறு கொண்டுவந்திருந்தார்கள். பழையதை அவிழ்த்து நான் வைத்துக்கொண்டேன். ஆனால் சேலையை அவிழ்த்து மடித்து, வளையலை அதற்குள் வைத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன். போகட்டும், எல்லாம் சேர்ந்து போகட்டும் என்று இருந்தது. செவலை கன்றோடு வண்டியில் ஏறும்போது என்னைப் பார்க்கவில்லை. கொடியில் சேலை கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டு போனது.

இரண்டு நாள் கழித்து அந்தப் பெண்ணே போன் செய்தாள். "பெரியப்பா, மாடு தங்கமா நிக்கு. சேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், வெறுங்கையோட உக்காந்தாலே விடுது. செத்தவுக சேலைய வீட்ல வச்சுக்கிட எங்க அத்தைக்கு மனசு இல்ல. பஸ்ல குடுத்து விடுதேன்" என்றாள். சேலை திரும்பி வந்துவிட்டது. இப்போது அம்மா படத்துக்குக் கீழே பையோடு இருக்கிறது. நான் பிரிக்கவில்லை. புது இடம், புது ஆள், செவலை அவளை மறந்துவிட்டது. மாடு மறப்பது நல்லதுதான், அதன்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் நான் யாரிடம் ஏமாந்தேன் என்பதுதான் புரியவில்லை.

மாடு போன அன்றைக்குச் சாயங்காலம் நான் வாசலில் உட்கார்ந்திருந்ததாகத்தான் ஞாபகம். கண் விழித்தது போல நினைவு வந்தபோது தொழுவில் குத்தவைத்திருந்தேன். கயிறு கையில் இருந்தது. எதிரே மாடு இல்லை, என்மேல் சேலை இல்லை. வாய் பேசிக்கொண்டிருந்தது. "அவுக செவலைய வித்துட்டாவ. ராசா வாரானாம்ல? கொழுக்கட்டை பிடிக்கணும், தேங்காய் இருக்கான்னு பாக்கணும்" என்று. அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு அங்கேதான் இருக்கிறேன். கதவைப் பூட்டிச் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுப் பார்த்தேன். பூட்டு திறந்து கிடக்கிறது, என் கையில் அரிசித் தவிடு ஒட்டியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. இது நின்றுபோய்விடுமோ என்று அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டையும் யாரிடம் போய்ச் சொல்வேன்?

கல்யாணம் ஆகப் போகிறவனுக்குத் தகப்பன் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருக்கும். எனக்கு இப்போது ஒன்றுதான் தோன்றுகிறது. உனக்கு வரப்போகிற பெண் வேலை செய்துகொண்டே ஏதாவது பேசுவாள். பாத்திரம் விளக்கும்போதும் துணி மடிக்கும்போதும் குரலைத் தாழ்த்தி ஏதாவது சொல்லிக்கொள்வாள். செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் போய் நில். என்ன என்று கேள். "ஒண்ணுமில்ல" என்றாலும் இன்னொரு தடவை கேள். நான் கேட்காமல் விட்டதை எல்லாம் இப்போது என் வாயாலேயே சொல்லக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது உனக்கு வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டில் அப்படி நடந்ததா இல்லையா என்று எனக்குப் போனில் சொல்லாதே. நானும் கேட்கமாட்டேன். நீ வா. பத்திரிகையைப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுச் சாப்பிடு. சாயங்காலம் கறவை நேரமானதும் தொழுவுக்கு வா. அங்கே குரல் உன்னை ராசா என்று கூப்பிடும். நான் உன்னை அப்படிக் கூப்பிட்டதே கிடையாது, உனக்குத் தெரியும். அவள் விட்ட அறையும் நீ பிடித்த தூணும் பொய் என்றால் என் தோளைப் பிடித்து உலுக்கி, "அப்பா, எந்திரிங்க" என்று சொல். நீ எந்த டாக்டரிடம் கூட்டிப் போனாலும் வருகிறேன், அந்தத் தொழுவையும் இடித்துவிடுவோம். அது நிஜமென்றால், நீ அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் போன பஸ்ஸுக்காக, ஒரே ஒரு தடவை "என்னம்மா" என்று கேட்டுவிடு. அதற்காகத்தான் அது காத்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது. எதைச் சொன்னாலும் என் வலது பக்கம் வந்து நின்று சொல். இடது பக்கம் நின்று சொன்னால் அவளுக்குக் கேட்காது.